ஏழாம் இடத்தின் மாறாமை

இந்த உலகத்தில் மாறாதவை இரண்டு. ஒன்று, சூரியன் கிழக்கே உதிப்பது. மற்றது, எங்கள் கண் மருத்துவமனையின் அறுவைசிகிச்சைப் பட்டியல். சூரியனைப் பற்றி எனக்கு அவ்வளவு உறுதி கிடையாது. பட்டியலைப் பற்றி உண்டு. அதைச் செய்தவனே நான்தான்.

பட்டியலை 'டியூப்பிள்' என்னும் பண்டத்தில் வைத்திருந்தேன். பைதான் என்னும் கணினி மொழியில் பெயர்களை வரிசையாக அடுக்கிப் பூட்டுகிற பெட்டி அது. பூட்டியபின் ஒரு பெயரைக்கூட எடுக்க முடியாது, செருக முடியாது. இதை விளக்குவதற்கென்றே கூட்டிய கூட்டத்தில் இயக்குநர் கண் கலங்கினார். "இனிமே சிபாரிசுக்கு இடமே இல்ல!" என்று மேசையைத் தட்டினார். வரவேற்பறையில் 'மாறாத பட்டியல், மாறாத நீதி' என்று பலகை மாட்டினார்கள். அதில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது. கொள்கை கருதி அதையும் மாற்றவில்லை.

பதினோராம் நாள் இயக்குநர் என்னை அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார்.

"தம்பி, என் மச்சினருக்குக் கண்ணுல புரை. பட்டியல்ல முன்னூத்திப் பத்தாவது இடம்."

"பட்டியல் மாறாதுங்க சார்."

"மாறவே கூடாது! உங்களை யாரு மாத்தச் சொன்னா? அவரு ஏழாவது இடத்துல இருக்கணும், அவ்வளவுதான்."

கொள்கைத் தெளிவு என்றால் இதுவல்லவா தெளிவு!

பைதானுக்கு அடியில் சி மொழி இருக்கிறது. மேலே நிற்பவர்களுக்குத்தான் பூட்டு. அடியில் இறங்கத் தெரிந்தவர்களுக்கு இல்லை. அங்கே டியூப்பிளில் பெயர் வைக்க இரண்டு கருவிகள் உண்டு. முதல் கருவி, 'இந்தப் பெட்டியை வேறு யாராவது வைத்துப் பார்க்கிறார்களா?' என்று சோதிக்கும். பார்த்தால் மறுத்துவிடும். இல்லையென்றால், பழைய பெயரை முறையாக வழியனுப்பிவிட்டுப் புதியதை வைக்கும். இரண்டாவது கருவி எதையும் கேட்காது, யாரையும் வழியனுப்பாது. புதிதாகச் செய்த காலிப் பெட்டியை நிரப்ப மட்டுமே அது என்று கையேட்டில் எழுதியிருக்கிறது. எங்கள் பெட்டியை மருத்துவமனை முழுதும் பார்த்துக்கொண்டிருந்ததால் நான் இரண்டாவதை எடுத்தேன். ஒரே வரி. மச்சினர் ஏழில் உட்கார்ந்தார். முந்நூற்றுப் பத்திலும் அவரேதான் இருந்தார். பெரிய மனிதர்களுக்கு ஒரு நாற்காலி போதாது.

ஏழில் அதுவரை இருந்தவர் தெருமுனைத் தையல்கார அக்கா. அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஊசியில் நூல் கோக்கத் தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் சீருடைகளைத் தைத்துக் கொடுக்காவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். தன் முறை வந்த நாளில் பையோடு கவுண்டருக்கு வந்தார்.

"உங்க பேரு பட்டியல்ல இல்லக்கா," என்றாள் கவுண்டர் பெண்.

"அப்ப புதுசா எழுதிக்கம்மா. அடுத்த பட்டியல்ல போட்டாலும் பரவாயில்ல."

அவள் தட்டிப் பார்த்தாள். "முடியாதுக்கா. நீங்க ஏற்கெனவே இருக்கீங்களாம்."

"எங்க?"

"கம்ப்யூட்டருக்குள்ள."

"உள்ள எங்கம்மா?"

"எங்கயும் இல்ல. ஆனா இருக்கீங்க."

நூற்றுக்கு நூறு சரியான பதில். வழியனுப்பப்படாத பெயர் கம்ப்யூட்டரின் நினைவில் உயிரோடு கிடக்கும். எந்தப் பட்டியலிலும் இராது. ஆண்டறிக்கையில் இந்நிலையை 'நிரந்தர உறுப்பினர்' என்று சிறப்பித்திருந்தோம்.

எனக்கும் மனசாட்சி உண்டு. இயக்குநரிடம் போனேன்.

"சார், கம்ப்யூட்டரை ஒரு தடவை அணைச்சுப் போட்டா அந்த அம்மா மறுபடி பதிஞ்சுக்கலாம்."

"அணைக்கிறதா? உங்க பட்டியல் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியிருந்தே, நானூத்தித் தொண்ணூறு நாளா நிக்காம ஓடுது! ஐந்நூறாவது நாள் விருது தர்றாங்கய்யா!"

"அப்ப அவங்களையே திரும்ப ஏழுல வெச்சுடட்டுமா?"

இயக்குநர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பட்டியல்ல கை வைக்கிறதா? உங்களுக்கு வெக்கமா இல்ல?"

இருந்தது. வெளியே வந்துவிட்டேன்.

ஐந்நூறாவது நாள், விழா மண்டபத்தின் வாசலில் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். கையில் இரண்டு தாள்கள். ஒன்று முதல் நாள் கொடுத்த பட்டியல். இன்னொன்று இன்றைய பட்டியல்.

"தம்பி, இதை நீங்கதான் செஞ்சீங்களாமே. எனக்கு எழுத்தே தெரியல. அந்தப் பொண்ணு என்னென்னவோ சொல்லுது. ரெண்டுலயும் ஏழாவது பேரு ஒண்ணுதானான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க."

உள்ளேயிருந்து இயக்குநர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு தாள்களையும் வாங்கி, நிறுத்தி நிதானமாகப் படித்தேன். இரண்டிலும் ஒரே பெயரைத்தான் படித்தேன்.

"ரெண்டுலயும் நீங்கதான்க்கா."

"அப்ப என் முறை வந்துடும்?"

"வந்துடும்க்கா."

"நீங்க நல்லா இருக்கணும் தம்பி," என்று சொல்லிவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டே படி இறங்கிப் போனார். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. அதற்குள் மேடைக்கு அழைத்துவிட்டார்கள்.

கேடயத்தில், 'பட்டியலில் ஒரு பெயரும் மாறாமல் காத்தவருக்கு' என்று பொறித்திருந்தது. அதை வாங்கி உயர்த்திக் காட்டினேன். முன்வரிசையில் மச்சினர் புதுக் கண்ணோடு உட்கார்ந்திருந்தார். கண் நன்றாகத் தெரிகிற முந்நூறு பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள்.