ஈப்போவுக்கு ஒரு சாய்வு இருக்கை

காதலிக்கிற பெண்ணின் அப்பாவுக்கு மரியாதை கொடுக்கலாம், பயப்படலாம், எதிரே வந்தால் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடலாம். உதவி மட்டும் செய்யக் கூடாது. இதை நான் இருபத்தைந்தாவது வயதில், ஆயர் ஹித்தாம் என்ற ஊரில், ஒரு கோப்பிக் கடையின் கழிவறையிலிருந்து வெளியே வந்தபோது தெரிந்துகொண்டேன்.

எழுபதுகளின் கடைசி. சிங்கப்பூரில் செம்பவாங் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் எனக்கு வெல்டர் வேலை. சொந்தமாக ஐந்நூறு சிசி ஜப்பான் மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது (எனக்கு முன்னால் அது மூன்று பேருக்குச் சொந்தமாக இருந்தது). அதில் ஒருமுறை மலாக்கா போய்த் திரும்பினேன். அதன்பிறகு இரண்டு நாள் நின்றுகொண்டே சாப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசையிலும் கடைசி வரை நின்றேன். பாதர் என் பக்தியைப் பாராட்டினார்.

அந்த இரண்டு நாளில்தான் எனக்குள் ஒரு விஞ்ஞானி பிறந்தான். மோட்டார் சைக்கிளில் தூரம் போவதற்குத் தடை எஞ்சின் இல்லை, சாலை இல்லை, இருக்கைதான் என்று கண்டுபிடித்தேன். கல்யாணம் முடிந்ததும் ரெஜினாவைப் பின்னால் உட்காரவைத்து தாய்லாந்து எல்லை வரை போவது என் திட்டம். ரெஜினா தேவாலயப் பாடகர் குழுவில் பாடுபவள். எங்கள் விஷயம் பாடகர் குழு முழுக்கத் தெரியும். அவள் அப்பா லூர்துசாமிக்கு மட்டும் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் நண்பன் ஹமீது பட்டறை வைத்திருந்தான். விபத்தில் நசுங்கிய கார் ஒன்றிலிருந்து முன்சீட்டைக் கழற்றி அவனிடம் கொண்டுபோனேன். பின்னால் சாய்கிற சீட்டு. பக்கவாட்டில் ஒரு லீவர், இடுப்புக்கு பெல்ட்.

ஹமீது சீட்டைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான், கடைசியில் என்னைப் பார்த்தான்.

"இத எங்க வைக்கப் போறே?"

"பின்னால."

"அப்ப முடிவெட்டுற கண்ணாடிய எங்க வைக்கிறது?"

ஆனாலும் உதவினான். ஒரு மாதம் தினமும் வேலை முடிந்து போய் வெல்டு வைத்தேன். தலைக்குத் தலையணை, கைக்கு இரண்டு பக்கமும் தாங்கி, காலுக்குப் பலகை, வரைபடம் வைக்கச் சீட்டின் ஓரத்தில் ஒரு பை. குலுங்காமல் இருக்க அடியில் நான்கு ஸ்பிரிங். முன்பக்கம் காற்றைத் தடுக்க ஆளுயரப் பெர்ஸ்பெக்ஸ் கண்ணாடி. முடிந்ததும் ஹமீதைப் பின்னால் ஏற்றி ஓட்டிப் பார்த்தேன். விளக்கு பச்சை ஆனதும் முறுக்கினேன். முன்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பியது. பாரமெல்லாம் பின்னால் போய்விட்டதாம். அதற்காக ஹெட்லைட்டுக்குக் கீழே ஒரு பெட்டி வைத்து, அதில் நட்டும் போல்ட்டுமாகப் பத்துக் கிலோ நிரப்பினோம். சந்து முனையில் பூக்கட்டிக்கொண்டிருந்தவர், "தைப்பூசத்துக்கு இன்னும் நாள் இருக்கே தம்பி, அதுக்குள்ள ரதத்த எடுத்துட்டீங்க" என்றார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

அந்த வாரம்தான் ரெஜினா அந்தச் செய்தியைச் சொன்னாள். மலேசியாவின் வடக்கே ஈப்போவில் அவள் பெரியப்பா மகளுக்குக் கல்யாணம். அவளும் அம்மாவும் முன்கூட்டியே ரயிலில் போகிறார்கள். அப்பா வரவில்லை. முதுகு வலியாம், ரயில் சீட்டும் பஸ் சீட்டும் ஆகாதாம்.

வேறொருவன் என்றால் "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான். நான் வண்டியை எடுத்துக்கொண்டு அவர்கள் குடியிருந்த அடுக்குமாடி புளோக்குக்கே போனேன்.

லூர்துசாமி துறைமுகத்தில் பளுதூக்கி கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் உயரத்திலிருந்தே எல்லோரையும் பார்த்துப் பழகியவர். கீழே வந்து, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார்.

"அங்கிள், இதுல ஈப்போ வரைக்கும் முதுகு அசையாம கூட்டிட்டுப் போறேன்."

அவர் முகம் ஏன் இருண்டது என்று அப்போது எனக்குப் புரியவில்லை. பிறகுதான் ரெஜினா சொன்னாள்: அவரும் ஈப்போ அண்ணனும் பேசி ஆறு வருஷம் ஆகிறது. அவர்கள் அப்பாவின் நல்லடக்கத்தன்று பெட்டியை முன்னால் யார் தூக்குவது என்று வந்த சண்டை. அழைப்பிதழ்கூடத் தபாலில்தான் வந்தது. முதுகு வலி என்பது அவர் யோசித்து யோசித்து உருவாக்கிய காரணம். அதை நான் வெல்டு வைத்து அடைத்துவிட்டேன்.

பக்கத்தில் அவர் மனைவி நின்றார். "உக்காந்துதான் பாருங்களேன்" என்றார். அவர் உட்கார்ந்தார். நான் லீவரைத் தள்ளினேன். சீட்டு மெல்லச் சாய்ந்தது. அவர் கண்ணை மூடினார். பத்து நிமிஷம் அப்படியே இருந்தார். பிறகு இறங்கி, "வெள்ளிக்கிழமை காலைல அஞ்சரை. லேட்டா வந்தா நான் வரமாட்டேன்" என்றார். நான் தாமதமாக வர வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டது எனக்குத் தெரியாது. ஐந்தேகாலுக்கே போய் நின்றேன்.

கோட்டு, கையுறை, கழுத்துக்கு மஃப்ளர், காதில் பஞ்சு, ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி. அவர் உடம்பில் வெளியே தெரிந்தது மூக்கின் நுனி மட்டும்தான். தலைசுற்றாமல் இருக்க மனைவி வைத்துவிட்டுப்போன மாத்திரை ஒன்றை விழுங்கினார். சந்தேகத்துக்கு இன்னொன்றும் விழுங்கினார். நான் பெல்ட்டைப் போட்டுவிட்டேன்.

ஜொகூர் பாலத்தைத் தாண்டி மலேசியாவுக்குள் நுழைந்தோம். "மெதுவாப் போ", "லாரி வருது", "அவன் பாத்துக்கிட்டே போறான் பாரு" என்று கூலாய் ஊர் வரைக்கும் பேசிக்கொண்டே வந்தார். அதற்குப் பிறகு பேச்சு இல்லை. திரும்பிப் பார்த்தேன். தலை தலையணையில், கைகள் தாங்கியில், வாய் லேசாகத் திறந்திருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் வண்டி ஓட்டியதில்லை.

ஒன்பது மணிக்கு ஆயர் ஹித்தாமில் கோப்பிக்கு நிறுத்தினேன். "அங்கிள்" என்று இரண்டு முறை கூப்பிட்டேன். அசையவில்லை. தூங்குகிற மனிதரை எழுப்புவானேன் என்று கடை ஓரத்து மர நிழலில் வண்டியை ஸ்டாண்டு போட்டு, அவரை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனேன். கோப்பி குடித்தேன். ரொட்டி தின்றேன். பிறகு கழிவறை. முந்தைய நாள் சாப்பிட்ட மீ கோரெங் நூடுல்ஸ் காரணமாக அங்கே கொஞ்சம் நேரமானது. (கொஞ்சம் என்பது என் கணக்கு. அரை மணி நேரம் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள்.)

வெளியே வந்தால் வண்டியைச் சுற்றி இருபது பேர். என் வடிவமைப்பை ரசிக்கிறார்கள் என்று நினைத்து, கையைத் துடைத்துக்கொண்டு நடையில் கொஞ்சம் தோரணையைச் சேர்த்துக்கொண்டேன். தோளில் துண்டு போட்ட ஒரு தமிழர் கூட்டத்திலிருந்து வந்து என் கையைப் பிடித்தார். லாரி ஓட்டுநர். பெயர் வேலு.

"தம்பி, நீதான் கூட வந்தவனா? எப்போலேருந்து இப்படி?" என்றார், மிகத் தாழ்ந்த குரலில்.

"கூலாய் வரைக்கும் பேசிக்கிட்டுத்தான் வந்தாரு" என்றேன்.

"பார்டர்ல ஒண்ணும் சொல்லலையா?"

"பாஸ்போர்ட் இருக்குல்ல, என்ன சொல்வாங்க?"

"இப்படியே ஈப்போ வரைக்கும் கொண்டு போகப் போறியா?"

"ஆமாண்ணே. வசதியாத்தான் இருக்காரு. நாளைக்குக் கல்யாணம்."

வேலு துண்டால் கண்ணைத் துடைத்தார். ஒரு லாரி ஓட்டுநருக்கு என் இருக்கை இவ்வளவு உருக்கமாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"சீட்டுப் பையில கல்யாணப் பத்திரிகை இருந்துச்சு. உறையில அவரு பேரு, உள்ள போன் நம்பர் பாத்தேன். ஈப்போ வீட்டுக்கு நானே போன் பண்ணிச் சொல்லிட்டேன்லா. நீ கவலைப்படாத."

என்ன சொன்னீர்கள் என்று கேட்க வாயைத் திறந்தபோதுதான் கூட்டம் விலகியது. லூர்துசாமிக்கு முன்னால் ஒரு பால் டின்னில் மணல் நிரப்பி மூன்று ஊதுவத்திகள் புகைந்துகொண்டிருந்தன. பக்கத்தில் ஒரு தட்டில் இரண்டு ஆரஞ்சுப் பழங்களும் வேகவைத்த ஒரு பாவ் பன்னும். கடைக்காரச் சீன அம்மாள் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

என் மூளை அந்தக் கணத்தில் ஒரே ஒரு யோசனையைத்தான் கொடுத்தது: அவரை நிமிர்த்து. பாய்ந்து போய் லீவரை இழுத்தேன். அந்த லீவரை மெதுவாக இழுக்க வேண்டும். நான் மெதுவாக இழுக்கவில்லை. சீட்டு படாரென்று எழுந்தது. அதோடு அவரும் எழுந்தார், விறைப்பாக, நேராக, கறுப்புக் கண்ணாடியோடு.

இருபது பேரில் கடைசிவரை நின்றது வேலு மட்டும்தான். அவருக்கும் கால் நகரவில்லை என்று பிறகு சொன்னார்.

லூர்துசாமி கண்ணாடியைக் கழற்றினார். ஊதுவத்தியைப் பார்த்தார். ஆரஞ்சுப் பழத்தைப் பார்த்தார்.

"ஈப்போ வந்துருச்சா?" என்றார்.

 பதிலுக்கு ஸ்டாண்டு முனகியது. சீட்டு எழுந்த வேகத்தில் பாரம் முன்னால் போய்விட்டது. வண்டி எங்கள் பத்துக் கிலோ நட்டையும் போல்ட்டையும் சுமந்துகொண்டு மெதுவாக உருண்டது. நான்கடி போய் முன்சக்கரத்தைக் கால்வாயில் விட்டு, நிதானமாகப் பக்கவாட்டில் சாய்ந்தது. கைத்தாங்கி அவரைத் தரையில் படாமல் பிடித்துக்கொண்டது. பெல்ட் அவரை வெளியே விடாமல் பிடித்துக்கொண்டது. இளநீர் வெட்டுகிற கத்தியால் வேலுதான் பெல்ட்டை அறுத்தார். லூர்துசாமிக்கு ஒரு கீறல்கூட இல்லை. வண்டியின் ஃபோர்க் மட்டும் வளைந்துவிட்டது.

"இவங்க எல்லாரும் ஏன் இப்படிப் பாக்குறாங்க?" என்று, தூரத்தில் நின்று எட்டிப்பார்த்தவர்களைக் காட்டி என்னைக் கேட்டார். சொன்னேன். ஈப்போவுக்குப் போன செய்தியையும் சேர்த்துச் சொன்னேன். அவர் வெகுநேரம் என்னையே பார்த்தார். துறைமுகத்தில் அவர் பளுவைத் தூக்குவதற்கு முன்னால் அப்படித்தான் பார்த்திருப்பார். பிறகு அந்த ஆரஞ்சுப் பழங்களில் ஒன்றை எடுத்து உரித்தார்.

கடைத் தொலைபேசியில் ஈப்போவைக் கூப்பிட்டோம். லைன் கிடைக்கவில்லை, செய்தி கேட்ட வீட்டார் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். குற்ற உணர்ச்சியில் தவித்த வேலு, தன் லாரி காலியாக ஈப்போவுக்குத்தான் போகிறது என்றார். வண்டியைச் சீட்டோடு பின்னால் ஏற்றிக் கட்டினோம். முன்னால் உட்காரச் சொன்னதற்கு லூர்துசாமி மறுத்துவிட்டார். "முதுகுக்கு இதுதான் நல்லாருக்கு" என்று லாரியின் பின்பக்கம் அந்த இருக்கையிலேயே ஏறிச் சாய்ந்துகொண்டார்.

வழியில் செகாமட்டில் நிறுத்தி மறுபடி போன் செய்தேன். கிடைத்தது. யாரோ காது கேட்காத பெரியவர் எடுத்தார்.

"ஐயா, அங்கிள் உயிரோடதான் இருக்காரு" என்று கத்தினேன்.

"ஆமாப்பா," என்று அவர் விம்மினார், "நம்ம எல்லார் மனசுலயும் உயிரோடதான் இருக்காரு." வைத்துவிட்டார்.

விளக்கேற்றுகிற நேரத்தில் ஈப்போ போய்ச் சேர்ந்தோம். கல்யாணப் பந்தலில் கட்டிய காகிதப் பூக்களைப் பாதி அவிழ்த்திருந்தார்கள். செபமாலை நடந்துகொண்டிருந்தது. ரெஜினா வாசல் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் லாரியிலிருந்து இறங்க எனக்குக் கால் வரவில்லை. அந்த ஒரு நிமிஷத்தை மட்டும் நான் இன்றும் வேடிக்கையாகச் சொல்வதில்லை.

அப்போது உள்ளேயிருந்து ஒரு குரல். ரெஜினாவின் பெரியப்பா. "ஆறு வருஷம்டா. ஒரு வார்த்தை பேசாமப் போயிட்டியேடா. நீயே முன்னால தூக்கியிருக்கலாம்டா, நான் பின்னால நின்னிருப்பேனே."

லாரியின் மேலே சீட்டு மெதுவாக நிமிர்ந்தது. லூர்துசாமி இறங்கினார், பந்தலுக்குள் நடந்தார். செபமாலை ஒரு 'அருள்நிறைந்த மரியே' மன்றாட்டின் நடுவில் நின்றது. அண்ணன் முன்னால் போய் நின்றார்.

"வந்துட்டேன்ணே," என்றார். "கொஞ்சம் தண்ணி குடு."

அதன்பிறகு யார் மயங்கி விழுந்தார்கள், யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. ரெஜினாவின் அம்மா ஒரு துடைப்பத்தோடு என்னைத் தேடியதால் நான் லாரிக்கு அடியில் இருந்தேன். மறுநாள் கல்யாணம் நடந்தது. அண்ணனும் தம்பியும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். வேலு குடும்பத்தோடு வந்து மொய் எழுதினார்.

சிங்கப்பூர் திரும்பி ஒரு மாதம் கழித்து லூர்துசாமி மகளைக் கூப்பிட்டு, எங்கள் விஷயம் தனக்கு ஒரு வருஷமாகவே தெரியும் என்றார். "அவன் வண்டியில மட்டும் ஏறாத. மத்தபடி பரவாயில்ல" என்றார். எங்கள் திருமணத்துக்கு அனுமதி கிடைத்தது அப்படித்தான். தாய்லாந்து எல்லைக்கு நாங்கள் பஸ்ஸில் போனோம்.

ஆனால் ஒரு விஷயத்தில் இந்தக் குடும்பம் என்னை இன்னும் நம்புவதில்லை. யாரையாவது எங்கேயாவது கூட்டிக்கொண்டு போய், "பத்திரமா வந்துட்டோம்" என்று நான் போன் செய்தால் ஏற்கமாட்டார்கள். கூட வந்தவரே பேச வேண்டும். என் தங்கை பேசியிருக்கிறாள், பாதர் பேசியிருக்கிறார், வீடு மாற்றுகிற வேலையில் ஒருமுறை டாக்சிக்காரர்கூடப் பேசியிருக்கிறார். போன வருஷம் மகளையும் பிறந்து மூன்று நாளான பேரனையும் ஆஸ்பத்திரியிலிருந்து அவள் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டு ரெஜினாவுக்குப் போன் செய்தேன்.

"மகள்கிட்ட குடுங்க" என்றாள். கொடுத்தேன். பேசினாள்.

"பேரன்கிட்ட குடுங்க."

"அவன் தூங்குறான் ரெஜினா."



"எழுப்புங்க" என்றாள்.

எழுப்பினேன். அவன் அழுகிற சத்தத்தைக் கடைசி வரை கேட்டுவிட்டுத்தான் போனை வைத்தாள்.