லாக்கரில் இருந்த ஐந்து பவுன்

டெய்ரி ஃபார்ம்,
போர்ட் பிளேர்.

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் இராமகிருஷ்ணன் அவர்களுக்கு,

தங்கள் தங்கை மங்கையர்க்கரசியின் கணவன் தம்பையா பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் தங்கள் மருமகள் சௌமியாவும் நலம். தங்கள் தங்கை உடம்பளவில் நலம். என்னோடு மட்டும் மூன்று நாளாகப் பேசுவதில்லை. பரமக்குடியில் தாங்களும் அக்காவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தை மாதம் சௌமியாவின் கல்யாணம். தாய்மாமன் இல்லாமல் அது நடக்காது. அதற்கு முன் ஒரு சிறு விஷயத்தைப் பேசி முடிக்க வேண்டியிருக்கிறது. போனில் பேசினால் என் குரல் உயர்ந்துவிடும், அதனால் அமைதியாக எழுதுகிறேன். எங்காவது நான் கோபப்பட்டது போலத் தெரிந்தால் அது பேனாவின் குற்றம்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் சௌமியாவின் சடங்கைப் பரமக்குடியில் வைத்தோமே, அப்போது தாங்கள் சபையில் ஐந்து பவுன் சங்கிலி போட்டீர்கள். "தொள்ளாயிரத்துப் பதினாறு மாப்ள, கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்" என்றீர்கள். நானும் சொன்னபடி கண்ணை மூடிக்கொண்டு வாங்கி, அப்படியே லாக்கரில் வைத்துவிட்டேன். போன வாரம் புரோத்ராபூரிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா வந்திருந்தார். காபியைக் குடித்துவிட்டு, "சங்கிலி ஹால்மார்க்தானே சம்பந்தி? ஐசே ஹி, சும்மாதான் கேட்டேன்" என்றார். நான் நெஞ்சை நிமிர்த்தி, "மாமன் சீருங்க! அதுல மாத்து குறையுமா?" என்று சொல்லி, மறுநாளே பேங்குக்குப் போய் லாக்கரைத் திறந்தேன். சங்கிலி துணிக்குள் பளபளவென்று இருந்தது.

நான் துறைமுகப் பட்டறையில் முப்பத்தொரு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் என்பது தங்களுக்குத் தெரியும். எதையும் சோதிக்காமல் உள்ளே எடுக்கமாட்டேன். முதலில் காந்தத்தை வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. சந்தோஷத்தில் அரைக்கிலோ ஜிலேபி வாங்கிவந்து விநியோகமும் செய்துவிட்டேன். செம்பும் காந்தத்தில் ஒட்டாது என்று சௌமியா போனைப் பார்த்துச் சொன்னபோது ஜிலேபி தீர்ந்துவிட்டிருந்தது. அப்புறம் தராசில் வைத்தேன். ஐந்து பவுன் என்றால் நாற்பது கிராம் இருக்க வேண்டும் அல்லவா, இருந்தது இருபத்தொரு கிராம். "போட்டுப் போட்டுத் தேஞ்சிருக்கும்ங்க" என்றாள் தங்கள் தங்கை. "யாரு போட்டு? லாக்கரா?" என்று கேட்டேன். அன்றிலிருந்துதான் பேச்சு நின்றது.

அபர்டீன் பஜாரில் நகைக்கடை வைத்திருக்கும் மீரான் பாயிடம் கொண்டுபோனேன். நல்ல மனுஷர், முதலில் டீ கொடுத்தார். கொக்கியைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார், முத்திரை இல்லை. கல்லில் உரைத்தார். பிறகு மெஷினுக்குள் வைத்தார். "அண்ணே, சொக்கத் தங்கம்ங்கிறது இருபத்திநாலு கேரட். அதுல சங்கிலி செஞ்சா வளைஞ்சு நெளிஞ்சு போயிரும், நிக்காது. அதனால இருபத்திநாலு பங்குல இருபத்திரெண்டு தங்கம், மிச்சம் ரெண்டு பங்கு செம்பும் வெள்ளியும் சேப்பாங்க. ஆயிரத்துக்குக் கணக்குப் பண்ணா தொள்ளாயிரத்துப் பதினாறு. கல்லு வச்ச நகைன்னா பதினெட்டு கேரட் வரும், அது எழுநூத்தி அம்பது. சமஜ் கயா, புரிஞ்சுதா?" என்றார். சமஜ் ஆகிவிட்டது. "சரி பாய், இதுல எவ்வளவு?" என்றேன். அவர் மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இன்னொரு டீ சொன்னார். "இதுல அந்த மிச்சம் மட்டும்தாண்ணே இருக்கு" என்றார்.

எங்கேயாவது மாறியிருக்குமோ என்று தாங்கள் கேட்பீர்கள். மாற வழியே இல்லை. சடங்கு முடிந்து திரும்பும்போது கப்பலில் பங்க் கிளாஸ், மூன்று ராத்திரி, ஊர்பேர் தெரியாத ஐம்பது பேரோடு படுக்கை. அதனால் சென்னையில் அச்சு அசலாக அதே மாதிரி ஒரு கவரிங் சங்கிலி வாங்கி மங்கையின் கழுத்தில் போட்டுவிட்டு, அசலை பிளாஸ்டிக் பையில் சுற்றி, அக்கா கொடுத்த மாங்காய் ஊறுகாய் ஜாடிக்குள் இறக்கினேன். இந்த யோசனை என்னுடையது. வீட்டுக்கு வந்து பார்த்தால் பைக்குள் எண்ணெய் இறங்கியிருந்தது. இரண்டு சங்கிலியையும் சீயக்காய் போட்டுக் கழுவி, மேசையில் காயவைத்து, நானே என் கையால் சீட்டு எழுதிக் கட்டினேன், 'அசல்', 'நகல்' என்று. அசல் லாக்கருக்குப் போயிற்று. நகலைத் தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் கல்யாணம் காட்சிக்குக் கொடுத்தோம். கடைசியாக வண்டூர் ஒச்சம்மா தன் மகன் கல்யாணத்துக்கு வாங்கிப்போய் நாலு வருஷம் ஆகிறது, திருப்பித் தரவில்லை. கவரிங்தானே என்று நாங்களும் கேட்கவில்லை. முப்பத்தொரு வருஷத்தில் என் ஸ்டோரில் ஒரு நட்டு இடம் மாறியதில்லை மச்சான். என் சீட்டு பொய் சொல்லாது.

ஆகவே குறை பரமக்குடியில்தான் இருக்க வேண்டும். தாங்கள் தெரிந்து செய்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. கடைக்காரன் தங்கள் கண்ணைக் கட்டியிருக்கலாம். ஆனால் ஐந்து பவுனுக்கும் இருபத்தொரு கிராமுக்கும் உள்ள வித்தியாசம் கையில் தூக்கினாலே தெரியுமே மச்சான்! நகை போனதில் வருத்தமில்லை என்று சொல்லமாட்டேன், நிறையவே இருக்கிறது. அதைவிட, பன்னிரண்டு வருஷமாக இந்தத் தெரு முழுக்க என் மச்சான் போட்ட சீர் என்று சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டேன், அதுதான் நெஞ்சை அறுக்கிறது. தங்கள் தங்கை சமையலறையில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "எங்கண்ணன் அப்படிச் செய்யாது" என்று தோசைக்கல்லிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சம்பந்தியம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கல்யாணத்துக்கு அவசியம் வாருங்கள். தாய்மாமன் நாற்காலி தங்களுக்குத்தான். சீர் என்று எதுவும் கொண்டுவர வேண்டாம். ஒரு மாலை போதும், அதுவும் பூமாலையாக இருக்கட்டும். அக்காவுக்கு என் வணக்கத்தையும், குழந்தைகளுக்கு என் ஆசிகளையும் சொல்லவும்.

இங்ஙனம்,
மனம் கசந்தாலும் மரியாதை குறையாத,
தம்பையா.

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது வாசலில் ஒச்சம்மா வந்து நின்றாள். பத்திரிகை கிடைத்ததாம், வண்டூர் பஸ்ஸில் இரண்டு சூரை மீனோடு வந்திருந்தாள். மடியிலிருந்து சங்கிலியை எடுத்து நீட்டி, "இந்தாங்கண்ணே உங்க கவரிங்கு. ரொம்ப நாளாச்சு, மாஃப் பண்ணுங்க. எம் மருமக கருவாடு காயப்போடும்போதும் இதத்தான் போட்டுக்கிட்டுத் திரியும். நாங்க வாங்குற கவரிங்கெல்லாம் உப்புக் காத்துக்கு ஒரு மாசத்துல கறுத்துப்போகுது, இது என்னடான்னா கறுக்கவே மாட்டேங்குது. எந்தக் கடைண்ணே?" என்றாள். கையில் வாங்கியதும் கை கொஞ்சம் இறங்கியது. கொக்கியில் 916 என்று குத்தியிருந்தது. "கவரிங்குக்கும் நம்பர் போடுறாங்க பாருங்க" என்றாள் ஒச்சம்மா. தராசு நாற்பது கிராம் காட்டியது. மீரான் பாய் மெஷினைப் பார்த்துவிட்டு, இந்தத் தடவை டீ சொல்லவில்லை, சிரித்தார். சீட்டை மாற்றிக் கட்டியவன் நான்தான் மச்சான். ஒச்சம்மாவுக்கு அந்த லாக்கர் சங்கிலியைக் கொடுத்தனுப்பிவிட்டேன். அடுத்த மாதம் அது கறுத்ததும் சண்டைக்கு வருவாள்.

கடிதத்தைக் கிழிக்கப் போனேன். தங்கள் தங்கை மூன்று நாள் கழித்து வாயைத் திறந்தாள். "கிழிக்காதீங்க. ஒரு எழுத்து விடாம எங்கண்ணன் படிக்கட்டும்" என்றாள். பசை டப்பாவோடு பக்கத்திலேயே நிற்கிறாள், அதனால் அனுப்புகிறேன். கல்யாணத்துக்கு வாருங்கள். சபையில் வைத்து என்னை என்ன கேட்க வேண்டுமோ கேளுங்கள், கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்கிறேன்.