இசைவாணை வெளியில் நிற்கிறார்

அரைகுறையாகப் படித்தவன் கையில் அரசாங்கக் கடிதத்தைக் கொடுக்கக் கூடாது. படிக்கவே தெரியாதவன் பக்கத்துக் கடையில் காட்டிக் கேட்டுக்கொள்வான். நன்றாகப் படித்தவனுக்குத் தானாகப் புரிந்துவிடும். என்னைப் போன்றவன்தான் விளக்கம் சொல்லத் தொடங்குவான்.

நான் சிவகிரியில் ஏழாம் வகுப்பில் முக்கால்வாசி படித்தவன். (மீதிக் கால்வாசிக்கு முன்னால் லாரி ஏறிவிட்டேன்.) பிறகு செங்கல் சூளை, புனலூர் ஹோட்டலில் பாத்திரம், திருப்பூரில் சாயப்பட்டறை. பட்டறையில் மூன்று மாதம் என் கை நீலமாக இருந்தது. ஒருநாள் காலையில் போனால் கதவில் சீல். கழிவுநீர் விவகாரம் என்றார்கள். அன்றைக்கு மதியச் சோறு இல்லை, இரவு படுக்கவும் இடம் இல்லை. அடுத்த ஊருக்கு நடந்தேன். பொட்டலம் மடித்து வரும் தாளைக்கூட விடாமல் வாசிப்பேன் என்பதால் போன இடமெல்லாம் எனக்குப் 'படிச்சவன்' என்று பெயர். நானும் மறுத்ததில்லை.

குற்றாலத்தில் நூர்ஜஹான் அக்காவின் லாட்ஜுக்கு வந்து சேர்ந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. ஒன்பது அறை கொண்ட சின்ன லாட்ஜ். அக்காவின் கணவர் காதர் அண்ணாச்சி சவுதியில் ஏசி மெக்கானிக்காக உழைத்துக் கட்டியது. கட்டி முடித்த கையோடு மறுபடி விமானம் ஏறியவர் நாலு வருஷமாக ஊருக்கு வரவில்லை. அக்கா கடையநல்லூரிலிருந்து வந்து தனியாக நடத்திக்கொண்டிருந்தார். என்னிடம் ஊர், பேர், சாதி எதையும் விசாரிக்கவில்லை. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டார்.

ஆடி மாதம், சாரல் நன்றாக விழுந்து அறையெல்லாம் நிறைந்திருந்த வேளையில் அந்தக் கடிதம் வந்தது. தென்காசியில் ஒரு மண்டபத்தில், விடுதி நடத்துபவர்களுக்கும் பேரூராட்சி அலுவலர்களுக்கும் சுற்றுச்சூழல் விதிகள் பற்றி ஒருநாள் பயிற்சி. கடைசி வரி முக்கியமானது. விடுதியினர் இசைவாணையுடன் தவறாமல் வர வேண்டும், அங்கேயே புதுப்பித்துத் தரப்படும், தவறினால் விடுதி மூடப்படும்.

அதே நாளில்தான் காதர் அண்ணாச்சி திருவனந்தபுரத்தில் வந்து இறங்குகிறார். அழைத்துவர அக்கா போக வேண்டும். எனவே பயிற்சிக்கு நான்.

"இசைவாணைன்னா என்னலே மாரி?" என்று அக்கா கேட்டார்.

லாட்ஜ் நடத்த மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுக்கும் அனுமதித் தாளுக்கு அதுதான் பெயர். குற்றாலத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. எல்லாருக்கும் அது 'பொல்யூசன் பேப்பர்'. அக்காவின் பீரோவிலேயே பத்திரமாக இருந்தது. எனக்குத் தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

"இசைவாணர்னு சொல்லுவாவல்லாக்கா, அதுதான். மேளக்காரரு. இப்பம் குப்பையப் பிரிக்கச் சொல்லி மேளம் அடிச்சுத்தான ஊர்வலம் போறாவ? லாட்ஜுக்கு ஒரு ஆளு கூட்டிட்டு வரச் சொல்லுதாவ."

"புதுப்பிச்சுத் தருவோம்னு போட்டிருக்கே?"

"புது வேட்டி, சட்டை எடுத்துக் குடுப்பாவ போல."

அக்கா என்னை மரியாதையாகப் பார்த்தார். அந்தப் பார்வையை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சுடுகிறது.

ஆடியில் முகூர்த்தம் கிடையாது என்பதால் மேளக்காரர்கள் சும்மா இருப்பார்கள். ஆலங்குளத்துக்குப் போய் நாயனக்காரர் சுடலைமுத்து அண்ணாச்சியைப் பிடித்தேன். மத்தியானச் சாப்பாடும் அருவிக் குளியலும் என்று பேச்சு. தவில் இல்லாமல் ஒற்றையாக வந்து நிற்க மாட்டேன் என்று அவர் அடம்பிடித்ததால் தவில்காரர் ஒருவரும் கூட வந்தார்.

மண்டப வாசலில் பெயர் எழுதும் மேசை. அங்கிருந்த எழுத்தர் தலை நிமிராமலே கேட்டார்.

"இசைவாணை கொண்டாந்திருக்கியளா?"

"கொண்டாந்திருக்கேன் சார்."

"தண்ணிக்கு ஒண்ணு, காத்துக்கு ஒண்ணு. ரெண்டும் வேணுமே?"

நாயனம் காற்றில்தான் வாசிக்கிறது. தவிலைத் தண்ணீர்க் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். சுடலைமுத்து அண்ணாச்சியின் அடத்துக்கு மனசுக்குள் நன்றி சொல்லிவிட்டு, "ரெண்டும் இருக்கு" என்றேன்.

"காலாவதி ஆயிட்டா?"

"இல்ல சார், திடமாத்தான் இருக்காவ. காத்துக்குத்தான் வயசு அறுபது ஆச்சு."

எழுத்தர் நிமிர்ந்தார். எனக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. போகச் சொல்லிவிட்டார்.

வகுப்பு நடத்தியவர் ஒரு பெண் எஞ்சினியர். கழிவுநீர்த் தொட்டி பற்றியும் மக்கும் குப்பை பற்றியும் எனக்கே புரியும்படி சொன்னார். மேடையில் ஒலியை அளக்கும் சின்னக் கருவி ஒன்றை வைத்து, எத்தனைக்கு மேல் போனால் அது மாசு என்றும் விளக்கினார். பிறகு மைக்கில், "அடுத்தது இசைவாணை. எல்லாரும் அவங்கவங்க இசைவாணையை முன்னால கொண்டு வாங்க" என்றார்.

நான் எழுந்து போய்க் கதவைத் திறந்து கையைக் காட்டினேன்.

சுடலைமுத்து அண்ணாச்சி அரைகுறையாக எதையும் செய்பவர் அல்ல. சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரியை எடுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தார். மூடிய மண்டபம். தவில் சுவரில் மோதித் திரும்பி வந்தது. பேரூராட்சி அலுவலர்கள் யாரோ மந்திரி வந்துவிட்டதாக நினைத்துப் பழக்கதோஷத்தில் எழுந்து நின்றார்கள். மேடையிலிருந்த கருவியில் எண் ஏறிக்கொண்டே போனது. மற்ற விடுதிக்காரர்கள் எல்லாரும் கையில் ஆளுக்கொரு தாள் வைத்திருப்பதை அப்போதுதான் பார்த்தேன்.

மேளம் நின்றது. எஞ்சினியர் அம்மா என் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். பக்கத்திலிருந்தவரின் தாளை வாங்கி என்னிடம் காட்டினார். மேலே கொட்டை எழுத்தில் 'இசைவாணை' என்று இருந்தது. மண்டபமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, அஞ்சு மணி வரைக்கும் இருப்பேன். தாளைக் கொண்டு வந்திருங்க. வரலேன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது."

தாள் பீரோவில். பீரோச் சாவி அக்காவின் இடுப்பில். அக்கா மலைக்கு அந்தப் பக்கம். நாலு வருஷம் கழித்து வருகிற மனுஷன் தன் லாட்ஜின் கதவில் சீலைப் பார்க்கப் போகிறார். சீல் வைத்த கதவு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

போன் போட்டேன். திரும்பும் வழியில் கார் ஆரியங்காவு தாண்டிவிட்டது என்றார் அக்கா. நடந்ததை முழுக்கச் சொன்னேன். எதிர்ப்பக்கம் சத்தமே இல்லை. அழுகிறார் என்று நினைத்தேன். "மன்னிச்சிருங்கக்கா, இதை முடிச்சுட்டு நான் போயிருதேன்" என்றேன். அப்போது ஒரு ஆண்குரல் கேட்டது.

"மாரிதான? அவ சிரிச்சுச் சிரிச்சு மூச்சு வாங்குதா, பேச முடியல. மேளக்காரவ சாப்ட்டாவளா?"

"இன்னும் இல்ல அண்ணாச்சி."

"சாப்பிடச் சொல்லு. நாங்க பேப்பர எடுத்துட்டு அங்கனயே வாரோம். நீ எங்கயும் போயிராதலே."

என்னை எங்கெங்கிருந்தோ போகச் சொன்னவர்கள் உண்டு. போகாதே என்று சொன்னவரை அதுவரை நான் பார்த்ததில்லை. அப்போதும் பார்க்கவில்லை. குரல்தான்.

ஐந்தாக இருபது நிமிடம் இருக்கும்போது கார் வந்தது. மேலே கயிறு போட்டுக் கட்டிய அட்டைப்பெட்டிகள். அக்கா இறங்கி ஓடிவந்து தாள் இரண்டையும் நீட்டினார். எஞ்சினியர் அம்மா ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

சுடலைமுத்து அண்ணாச்சிக்கு மட்டும் ஒரு மனக்குறை. "பாதியில நிறுத்திட்டோமேம்மா. முடிச்சுக்கிடட்டுமா?" என்றார்.

"சத்தம் அளவுக்கு மேல போகாம வாசிப்பீங்களா?"

"நாயனத்துல அதுக்குத் திருகு வைக்கலியேம்மா."

எஞ்சினியர் அம்மா கருவியை அணைத்துப் பைக்குள் வைத்தார்.

மல்லாரி மறுபடி எழுந்தது. காலியான நாற்காலிகளுக்கு நடுவே காதர் அண்ணாச்சியும் அக்காவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். நாலு வருஷத்துக்கு அப்புறம் எங்கே பார்ப்பது, கையை எங்கே வைப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அக்கா முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டார். சிரிப்பா, வேறா என்று நான் உற்றுப் பார்க்கவில்லை. அண்ணாச்சி மெதுவாக, "நம்ம நிக்காஹ்லதான் மேளம் கிடையாதுன்னுட்டாவ" என்றார்.

அண்ணாச்சி அதன்பிறகு சவுதிக்குப் போகவில்லை. நானும் எங்கேயும் போகவில்லை. வாரியத்திலிருந்து வரும் கடிதத்தில் இப்போதெல்லாம் 'இசைவாணை (தாள்)' என்று போட்டு வருகிறது. அவர்களுக்கு மறு வருஷம் பிறந்த மகள் இன்று வரவேற்பு மேசையில் அமர்ந்து, அறை எடுக்க வருகிறவர்களிடமெல்லாம் கதை சொல்கிறாள்.

"எங்க உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் ரெண்டு கல்யாணம். மொத கல்யாணம் கடையநல்லூர்ல. ரெண்டாவது தென்காசியில, கழிவுநீர் வகுப்புல. அந்தா துண்ட மடிச்சுட்டு நிக்காவல்லா மாரி மாமா, அவுகதான் தரகர்."