ஒளிச்சிருந்த எழுவாய்

வேலை சொல்லும்போது என் மனைவி பாலேஸ்வரிக்கு முழு வசனம் வராது. "கிணத்தடி. வாளி," என்பாள். கிணற்றடியில் கிடக்கிற வாளியை நான் போய் எடுத்துவர வேண்டும் என்று அதற்குப் பொருள். உரும்பிராயில் பாதிப் பிள்ளைகளுக்கு இங்கிலிஷ் இலக்கணம் படிப்பிக்கிற நான், கலியாணம் கட்டிய நாளிலிருந்து இந்தத் துண்டு வசனங்களுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிவெடுத்தேன். இனி அரை வசனத்துக்கு அசைவதில்லை.

முடிவுக்கு ஒரு காரணமும் இருந்தது. அன்று பின்னேரம் கோப்பாயில் சிநேகிதன் சிவசுப்பிரமணியம் வீட்டில் காட்ஸ் ஆட்டம். பெற்றோலைக் கண்ணால் காணாத காலம். சைக்கிளுக்குக் காற்றடித்துத் தயாராக வைத்திருந்தேன்.

பாலேஸ்வரி வானத்தைப் பார்த்தாள். "வெங்காயம். மழை," என்றாள்.

பம்புக்கு மண்ணெண்ணெய் கிடைக்காமல், அவள் வாளி வாளியாக அள்ளி ஊற்றி வளர்த்த வெங்காயம். விளைந்து நின்றது. மழை விழுந்தால் அழுகிவிடும். எல்லாம் எனக்கு விளங்கியது. விளங்கியதாகக் காட்டவில்லை.

"உது வசனமில்லை," என்றேன், சாய்மனைக் கதிரையில் வடிவாகச் சாய்ந்துகொண்டு. "எழுவாய் வேணும், பயனிலை வேணும். இங்கிலிசில உப்பிடி எழுதினால் சைபர்தான் போடுவன். முழு வசனமாச் சொல்லும், செய்யிறன்."

அவளால் முடியாது என்று எனக்குப் பூரண நம்பிக்கை.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நீங்கள் பிள்ளையளிட்டை இங்கிலிசில 'கம்', 'சிற்' எண்டு ஒற்றைச் சொல்லுத்தானே சொல்லுறியள். அதுவும் வசனமில்லையோ?"

கேள்வி கேட்டால் வாத்தியாரால் சும்மா இருக்க முடியுமா?

"அது முழு வசனம். கட்டளை எண்டால் எழுவாய் ஒளிச்சிருக்கும். 'யூ' எண்டு சொல்லத் தேவையில்லை. கேக்கிற ஆள்தான் எழுவாய்."

"ஒளிச்சிருந்தாலும் அந்த ஆள் செய்யத்தான் வேணுமோ?"

"ஓம். அதுதானே கட்டளை."

"நல்லது. பிடுங்குங்கோ."

"என்னத்தை?"

"வெங்காயத்தைப் பிடுங்குங்கோ. இப்ப சரியோ, மாஸ்ரர்?"

பிழை தேடினேன். இல்லை.

"இஞ்சாரும், எழுவாய் எண்டிறது..."

"எழுவாய் சாய்மனைக் கதிரையில கிடந்தால் பயனிலைதானே. எழும்புங்கோ."

எழும்பினேன். அதுவும் முழு வசனம்.

நான் ஒரு வரி பிடுங்குவதற்குள் அவள் இரண்டு வரி முடித்தாள். பிடிபிடியாகக் கட்டித் தாழ்வாரத்தில் தொங்கவிட்டோம். வானம் கறுத்துக்கொண்டு வந்ததே தவிர, துளி விழவில்லை. ஒரு ஆட்டமாவது ஆடலாம். கையைக் கழுவிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் அயல்வீட்டு அருளம்பலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, இடுப்புப் பிடிச்சுப்போட்டுது. குனிய ஏலாது. என்ரை வெங்காயம் அப்பிடியே நிலத்தில கிடக்குது."

பாலேஸ்வரி என் பக்கம் திரும்பவே இல்லை.

"வருவார்," என்றாள்.

ஆர் என்று அருளம்பலம் கேட்கவில்லை. வேலிக்கு மேலால் பனையோலைக் கடகத்தை என்னிடம் நீட்டினார்.