இடுக்கி முனையில் பலகாரம்

கடிகாரம் பழுது பார்ப்பவர் அன்று காலை ஒரு மகத்தான முடிவுக்கு வந்தார். இந்த வீட்டில் தம்மைக் கண்டதும் ஓடி வர ஓர் உயிராவது வேண்டும்.

நியாயமான ஆசைதான். பதினெட்டு வருடக் குடித்தனத்தில் அவர் சொல்லுக்கு இறங்கி வந்தது மாடித் தொட்டித் தண்ணீர் ஒன்றுதான். அதுவும் அவர் மனைவி வால்வைத் திறந்த பிறகு. இப்போது கொல்லைக்கு வந்து சேர்ந்த ஆறு கோழிக்குஞ்சுகளும் அவள் காலைத்தான் சுற்றின. இவர் எட்டிப் பார்த்தால், பருந்தைக் கண்டதுபோல ஒன்றின் அடியில் ஒன்று புகுந்துகொண்டன.

தீனி அவள் கையில் இருக்கிறது, அதுதான் காரணம். அப்படியானால் தின்பண்டம் நம் கையில் இருக்கட்டும் என்று தீர்மானித்தார்.

அவள் எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டாள். குஞ்சுகளுக்கு மூன்று வாரம்தான் ஆகிறது, தூள் தீனியைத் தவிர வேறெதையும் யாரும் காட்டக்கூடாது, முக்கியமாக நீங்கள் காட்டக்கூடாது என்று தேநீரோடு சேர்த்தே சொல்லிவிட்டாள். அந்த 'முக்கியமாக' அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

மறுநாளே ஆரம்பித்தார். முதல் பலகாரம், அவித்த முட்டையின் மஞ்சள் கரு. கோழிக்கே முட்டையா என்று மனசாட்சி கேட்டது. அதை அதட்டி உட்கார வைத்தார். கடிகாரத்தின் மயிரிழைச் சுருளை எடுக்கும் இடுக்கியால் கடுகளவு கிள்ளி, டப்பா மூடியில் டக் டக்கென்று தட்டி நீட்டினார். முதல் நாள் ஈ, காக்கைகூட வரவில்லை. இரண்டாம் நாள் கழுத்தில் கறுப்புப் பட்டை போட்ட துணிச்சல்காரி ஒருத்தி வந்து கொத்தினாள். நான்காம் நாள் ஆறும் வந்தன. துருவிய வெள்ளரி, பொடியாக நறுக்கிய கீரை என்று விருந்து வளர்ந்தது. மனைவியின் காலடி கேட்டால் இடுக்கி சட்டைப்பையில், பார்வை வானத்தில்.

எட்டாம் நாள் சாயங்காலம் வினை வந்தது. துணிச்சல்காரியைத் தூக்கித் தடவியவரின் விரல் அப்படியே நின்றது. கழுத்துக்குக் கீழே, ஒரு பக்கமாக, கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி. அடுத்ததை எடுத்தார். அதற்கும் கட்டி. ஆறுக்கும் கட்டி. வேலையிலிருந்து எழுந்த அவசரத்தில் கண்ணிலிருந்து கழற்ற மறந்திருந்த பூதக்கண்ணாடி லென்ஸ் கண்ணீரில் நனைந்து, உலகம் மங்கியது.

துணிச்சல்காரியோடு சமையலறைக்கு ஓடினார். திருடனுக்குத் தேள் கொட்டினால் வாயை மூடிக்கொள்வான் என்பார்கள். இவர் முட்டையிலிருந்து கீரை வரை ஒன்று விடாமல் ஒப்பித்தார். ஆறும் சாகப் போகின்றன, கொன்ற பாவி நான்தான் என்று முடித்தார்.

அவள் அடுப்பைத் தணித்துவிட்டு, குஞ்சை வாங்கி, கட்டியை லேசாக அமுக்கிப் பார்த்தாள்.

"ஏங்க, இது கட்டியில்ல, தீனிப்பை. நாள் பூரா தின்னது அங்கதான் தங்கும். காலையில பாருங்க, காலியா இருக்கும்."

"நெஜமாவா? என் மனசு நோகக்கூடாதுன்னு சொல்லாத."

"பதினெட்டு வருஷத்துல எப்பவாவது அப்படிச் சொல்லியிருக்கேனா?"

இல்லைதான். அவருக்கு உயிர் வந்தது.

"அப்புறம் ஏன் வேற எதுவும் குடுக்கக்கூடாதுன்ன?"

"தூள் தீனி தானா கரைஞ்சிடும். கீரையை அரைக்க அதுக்கென்ன பல்லா இருக்கு? வயித்துல பொடி மணல் வேணும். நீங்க மொத நாள் முட்டை ஓட்டைப் பூந்தொட்டியில புதைச்சீங்களே, அன்னிக்கே கூட்டுக்குள்ள ஒரு கிண்ணம் மணல் வச்சுட்டேன்."

அந்தக் கிண்ணத்தை எட்டு நாளும் அவர் பார்த்திருந்தார். கூடு காற்றில் நகராமலிருக்க வைத்த பாரம் என்று நினைத்திருந்தார்.

தாம் திருட்டுத்தனமாக ஊட்டிய ஒவ்வொரு வாய்க்கும் பின்னால் அவள் ஒரு பிடி மணலோடு நின்றிருக்கிறாள். இப்படி ஒருத்தி வாய்க்க எந்தப் பிறவியில் என்ன புண்ணியம் செய்தோமோ என்று உருகிப்போனார். உனக்கு என்ன வேண்டுமோ கேள், செய்கிறேன் என்று வாக்கும் கொடுத்துவிட்டார்.

அவள் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. குஞ்சுகள் இனி அவரிடம்தான் ஒட்டும். அதனால் விடியும்போது கூடு திறப்பது, எச்சம் வழிப்பது, தண்ணீர்த் தட்டைக் கழுவுவது ஆகியவற்றை மட்டும் அவர் பார்த்துக்கொண்டால் போதும் என்றாள்.

மறுநாள் விடிந்ததும் டக் டக். ஆறும் அவர் பாதத்தில் ஏறின. கழுத்தில் கட்டியைக் காணோம். கையில் சுரண்டும் தகடு, மூக்கில் நாற்றம், நெஞ்சு நிறைய நன்றி. உள்ளே அவள் இழுத்துப் போர்த்தித் தூங்கிக்கொண்டிருந்தாள். பாவம், தூங்கட்டும் என்று சத்தமில்லாமல் சுரண்டினார்.

மதிலுக்கு அப்பால் பல் தேய்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"எட்டே நாள்ல வந்துட்டீங்களா அண்ணே? உங்களைக் கூடு கழுவ வைக்கப் பத்து நாளாவது ஆகும்னு அக்கா சொல்லியிருந்தாங்க."