லிண்டாவின் வெள்ளிக் கிண்ணம்

எனக்குக் கோபம் ஒருபோதும் நேரத்துக்கு வருவதில்லை. முதலில் ஒரு சந்தேகம் வரும், அதன் பின்னால் இன்னொரு சந்தேகம் வரும். கோபம் வந்து சேரும்போது காரியம் கெட்டுப்போயிருக்கும். அதனால்தான் இந்த விஷயத்தில் எனக்கு இன்னமும் கோபம் மிச்சமிருக்கிறது.

அப்போது சுவிஸின் சூக் நகரத்தில், லிண்டா என்ற அமெரிக்கப் பெண்மணியின் வீட்டில் துப்புரவு வேலை செய்துகொண்டிருந்தேன். (பட்டதாரிதான். அதை அங்கே யாரும் கேட்கவில்லை.) கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு வேலைக்கு வரலாம் என்று சொன்ன ஒரே வீடு அது. அதை இழந்தால் எனக்கு வேறு போக்கிடமில்லை. ஆகவே மகள் ஆரபிக்கு முதல் பல் முளைத்து, பல்லுக்கொழுக்கட்டை கொட்டியபோது லிண்டாவையும் மரியாதையாக அழைத்தேன்.

பிள்ளையின் தலையில் கொழுக்கட்டை விழுந்ததைப் பார்த்து முதலில் திடுக்கிட்டார், பிறகு கைதட்டினார். அவர் புடிங் கொண்டுவந்திருந்தார். அது இருந்ததோ ஒற்றைக் கைப்பிடி வைத்த பழைய வெள்ளிக் கிண்ணத்தில். அமெரிக்கா ஒரு நாடாவதற்கு முன்பே பொஸ்டனில் அடித்ததாம். அவர் குடும்பத்துப் பிள்ளைகளெல்லாம் அதில் சாப்பிட்டார்களாம். புடிங் மிஞ்சியதால் கிண்ணத்தை அப்படியே விட்டுவிட்டுப் போனார்.

எங்கள் ஆட்களுக்கு, பிள்ளையின் விசேஷத்துக்கு வெள்ளிக் கிண்ணம் வந்தால் அது பரிசு. வேறெதுவுமாக இருக்க முடியாது.

"இது திருப்பிக் குடுக்கவேண்டியதாயிருக்கும் மாமி," என்றேன் கணவரின் தாயிடம்.

"உனக்கு எல்லாத்திலயும் ஐமிச்சம். வெள்ளியை ஆரும் இரவல் குடுப்பினமோ?"

"கைப்பிடியில வேற ஆரின்ரயோ எழுத்துக் கிடக்கு."

"அதுதான் சொல்லுறன். எங்கட பேரையும் வெட்டினாத்தானே அது எங்கட!"

கணவர் தொலைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "அம்மா சொல்லுறதும் சரிதானே," என்றார். (திருமணத்துக்குப் பிறகு அவர் வாயில் நான் அதிகம் கேட்ட வசனம்.)

லிண்டாவிடமே கேட்டுவிடலாம் என்று ஒரு செய்தி எழுதினேன். பரிசாயிருந்தால் என்ன நினைப்பார்? அழித்தேன். பரிசில்லாவிட்டால்? மறுபடி எழுதினேன். நான் இப்படி எழுதி அழித்துக்கொண்டிருக்க, மாமி சூரிச்சுக்கு ரயிலேறி, எங்கள் ஆட்களின் நகைக்கடையில் பெயர் வெட்டிக்கொண்டு வந்துவிட்டார். சின்னதாக, அடியிலாவது வெட்டியிருக்கலாம். இல்லை. கிண்ணத்தின் வயிற்றில், தூரத்திலிருந்தே வாசிக்கக்கூடியதாக, "ஆரபி".

அன்று மாலையே லிண்டாவின் செய்தி வந்தது: 'திங்கட்கிழமை கிண்ணத்தைக் கொண்டுவா. தங்கையின் பேரனுக்கு ஞானஸ்நானம், பொஸ்டனுக்கு எடுத்துப் போகவேண்டும்.'

திங்கட்கிழமை கிண்ணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். லிண்டா கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அந்த எழுத்துகளை விரலால் தடவி, "என்ன இது?" என்று கேட்டார்.

"என் மகளின் பெயர்," என்றேன். இப்படியும் ஒரு பதில்!

அழிக்கப்போனால் வெள்ளி தேய்ந்துவிடும் என்று சொன்னார். கிண்ணம் அப்படியே பொஸ்டனுக்குப் போனது. எனக்கு வேலை போனது.

மாமிக்கு ஒரு நட்டமும் இல்லை. இன்றைக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும் தொடங்கிவிடுவார்: "என்ர பேத்தியின்ர பேர் அமெரிக்காவில வெள்ளியில நிக்குது. அங்கத்தைப் பிள்ளையள் அதிலதான் சாப்பிடுகினம்."

"விசா எடுக்காமலோ ஆச்சி?" என்று வந்தவர்கள் கேட்பார்கள்.

"பேருக்கென்னத்துக்கு விசா!"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பிறகு குசினிக்குள் போய்ச் சட்டிபானைகளைக் கழுவத் தொடங்குவேன். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் வந்தவர்கள், "சரி, அப்ப நாங்கள் போட்டு வாறம்," என்று எழும்பிவிடுவார்கள்.