கப்பல் டின்னரும் முதுகில்லாத கோட்டும்

அன்னைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. மயிலாடுதுறைக்குப் போய் ஒரு கோட்டு வாங்கிட்டு வரணும்.

குத்தாலத்துல உரக்கடை வச்சிருக்கிறவனுக்கு கோட்டு எதுக்குன்னு நீங்க கேப்பீங்க. நானும் அதைத்தான் கேட்டேன்.

காரணம் என் மச்சான் செந்தில். என் மனைவி கலாவோட தம்பி. சிங்கப்பூர்ல இருக்கான். "அக்கா, லீவுக்கு நீங்க மூணு பேரும் வாங்க, கப்பல்ல மூணு நாள் சுத்திட்டு வரலாம்"னு டிக்கெட்டே போட்டுட்டான். மூணு பேருன்னா நான், கலா, பத்தாவது படிக்கிற எங்க பொண்ணு யாழினி.

டிக்கெட்டுக்குப் பின்னாடியே வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ்.

"ரெண்டாம் நாள் ராத்திரி ஸ்பெஷல் டின்னர். ஆம்பளைங்க கோட்டு, டை, ஷூ கட்டாயம். உனக்குப் பட்டுப்புடவை போதும்க்கா. யாழினிக்கு நீளமா கவுன். அரை டிராயர், ரப்பர் செருப்பு, கைலியெல்லாம் உள்ளயே விட மாட்டாங்க. மாமாகிட்ட கைலியை மட்டும் தனியா சொல்லிடு. பிரியாவோட என் மாமனார், மாமியாரும் வர்றாங்க. எல்லாருக்கும் ஒரே டேபிள்."

கலா அதை ரெண்டு தடவை படிச்சா. அப்புறம் என்னை நிமிர்ந்து பாத்தா.

"இந்தத் தடவையாவது என் மானத்தை வாங்காம இருங்க."

போன தடவைங்கிறது செந்திலோட கல்யாண ரிசப்ஷன். வேர்வை தாங்கலன்னு சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு, உரக்கம்பெனிக்காரன் சும்மா குடுத்த டீ-ஷர்ட்டோட மேடை ஏறிட்டேன். நெஞ்சுல பெருசா ஒரு மூட்டை படம். செந்திலோட மாமனார் சிங்கப்பூர்லேயே பொறந்து வளர்ந்தவர். அந்த மூட்டையில எழுதியிருந்த ஒவ்வொரு வரியையும் நின்னு நிதானமா படிச்சார்.

கலாவுக்கு அன்னைக்கு மூஞ்சி சுண்டிப் போச்சு. அவளுக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். தம்பியோட மாமனார் வீட்டுக்காரங்க முன்னாடி ஒரு வேளை கௌரவமா உக்காந்து சாப்பிடணும்.

"கோட்டு தானே? ராஜா மாதிரி வர்றேன் பாரு!"ன்னேன்.

சொல்லி ஒரு மாசம் ஆச்சு. விமானத்துக்கு நாலு நாள் இருக்கும்போதுதான் பஸ் ஏறினேன்.

மயிலாடுதுறையில பெரிய ஜவுளிக்கடை. ரெண்டாவது மாடி. "கோட்டு காட்டுங்க"ன்னேன்.

கடைக்காரர் கேட்டார், "மாப்பிள்ளை வரலீங்களா சார்?"

"மாப்பிள்ளையெல்லாம் இல்லைங்க. எனக்குத்தான்."

என் தலையைப் பாத்தார். தலையில இருந்த வெள்ளையைப் பாத்தார். "ரெண்டாவதா சார்?"ன்னு குரலை இறக்கினார்.

"யோவ், சாப்பிடப் போறதுக்குங்க!"

"சாப்பிடறதுக்கா?"

"கப்பல்ல."

அதுக்கப்புறம் அவர் என்கிட்ட ரொம்ப அன்பா பேச ஆரம்பிச்சார். ஒரு மாதிரி ஆளுங்ககிட்ட பேசுவாங்களே, அந்த அன்பு.

நாலு கோட்டு போட்டுப் பாத்தேன். மூணுல பட்டன் போகல. நாலாவதுல போச்சு, ஆனா மூச்சு போகல. "சார், இந்த ஊர்ல கோட்டு எடுக்கிறது இருபத்தெட்டு வயசுப் பசங்கதான். தொப்பைக்கு நாங்க ஸ்டாக் வைக்கிறதில்ல"ன்னார்.

அடுத்தது டெய்லர். அளவு எடுத்தார். இடுப்புக்கிட்ட வந்ததும் டேப்பை ஒரு தடவை உதறிட்டு மறுபடியும் எடுத்தார். "முகூர்த்த சீசன் சார். இருபது நாள் ஆகும்."

"நாலு நாள்ல விமானம்ங்க."

"அப்ப அடுத்த விமானத்துக்கு வாங்க"ன்னுட்டு தைக்கப் போயிட்டார்.

வெறுங்கையோட குத்தாலத்துல இறங்கினேன். இறங்கின இடத்துக்கு எதிர்லேயே ஹாஜாவோட போட்டோ ஸ்டூடியோ. ஹாஜா என்கூட ஒண்ணாவதுலேர்ந்து படிச்சவன். கண்ணாடிக் கதவு வழியா பாக்குறேன், உள்ள ஆணியில ஒரு கோட்டு தொங்குது! நீலக் கலர், வெள்ளைக் கோடு. மேல் பாக்கெட்டுல மூணு முனையா எட்டிப் பாக்குற சிவப்புக் கர்சீப்.

எங்க பக்கத்துல துபாய், குவைத், சிங்கப்பூர்னு போனவன்ல பாதிப் பேரு அந்த ஒரே கோட்டுலதான் போட்டோ எடுத்துட்டுப் போயிருக்கான்.

"டேய் ஹாஜா, இதை எனக்கு ரெண்டு வாரம் குடுடா."

"குடுக்கலாம்டா. ஆனா இதுக்கு முதுகு கிடையாது."

எடுத்துத் திருப்பிக் காட்டினான். நோஞ்சான் வந்தாலும் குண்டன் வந்தாலும் பொருந்தணும்னு கோட்டோட பின்பக்கத்தை மேலேர்ந்து கீழ வரைக்கும் வெட்டி விட்டிருக்கான். ரெண்டு பக்கமும் நாடா. இழுத்துக் கட்டிக்க வேண்டியதுதான். முன்பக்கம் சட்டை காலரும் டையும் கோட்டோடயே சேத்துத் தைச்சிருக்கு.

வேற எவனா இருந்தாலும் அங்கேயே திரும்பிப் போயிருப்பான். நான் யோசிச்சேன். என் வாழ்க்கையில வந்த கேடெல்லாம் நான் யோசிச்சதாலதான்.

நான் யோசிச்சது இதுதான். டின்னர்னா என்ன? பந்தி. பந்தியில இலை முன்னாடி. பரிமாறுறவன் முன்னாடி. சாம்பார் வாளி முன்னாடி. முதுகுக்குப் பின்னாடி எவனாவது நின்னா, அவன் அடுத்த பந்திக்கு இடம் பிடிக்க நிக்கிறவன். கப்பல்ல டேபிள் நம்பர் போட்டுக் குடுத்துடுவாங்கன்னு செந்தில் சொல்லிட்டான். இடம் பிடிக்க ஆள் வராது. மிச்சம் இருக்கிறது நாற்காலி. அது முதுகை மறைச்சுக்கும்.

"உக்காந்து சாப்பிடத்தானேடா போறேன். முதுகு எதுக்கு?"ன்னேன்.

ஹாஜா கோட்டை மடிச்சான். "உன்கூட ஒண்ணாப் படிச்சேன்னு வெளியில சொல்லாத"ன்னு கவர்ல போட்டுக் குடுத்தான்.

வீட்டுல உண்மையைச் சொல்லல. "இஸ்திரி கலைஞ்சிடும், யாரும் தொடக்கூடாது"ன்னு சொல்லி நானே பெட்டியில வச்சேன்.

கப்பல்ல ரெண்டாம் நாள் சாயங்காலம். பாத்ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு கோட்டைப் போட்டேன். உள்ள சட்டை போட்டா கை நுழைய மாட்டேங்குது. சரின்னு பனியனோட போட்டு நாடாவைக் கட்டினேன். பின்னாடி ஒரு ஜாண் இடைவெளி. பனியன்ல நாலஞ்சு ஓட்டை வேற. கோட்டுக்குள்ள போடுற பனியனை யார் பாக்கப் போறான்னு பழசா எடுத்துட்டு வந்திருந்தேன்.

வெளிய வந்தேன். கலா அரக்குப் பட்டுல நிக்கிறா. என்னைப் பாத்ததும் கண்ணு பெருசாச்சு.

"என்னங்க... நம்ம கல்யாணத்தன்னைக்குக்கூட நீங்க இவ்ளோ நல்லா இல்லைங்க!"

கிட்ட வந்து டையைச் சரி பண்ணினா. தைச்ச டை எப்படி அசையும்? "இறுக்கிக் கட்டியிருக்கேன்"னு சமாளிச்சேன்.

வராந்தா முழுக்க சுவத்தோட ஒட்டிக்கிட்டே நடந்தேன்.

"ஏன் இப்படி நண்டு மாதிரி வர்றீங்க?"ன்னா கலா.

"கப்பல் ஆடுதுல்ல?"

கப்பல் துளிகூட ஆடல.

சாப்பாட்டு ஹால் வாசல்ல செந்திலோட மாமனார் கறுப்புக் கோட்டுல நின்னார். என்னைத் தலையிலேர்ந்து கால் வரைக்கும் பாத்தார். "தம்பி, ரொம்ப ஸ்மார்ட்டா இருக்கீங்க"ன்னு கை குடுத்தார்.

கலா மூஞ்சியைப் பாக்கணுமே! அப்படி ஒரு சந்தோஷம். எனக்கு உள்ளுக்குள்ள சுருக்குன்னுச்சு. அப்பவே ரூமுக்கு ஓடியிருக்கலாம். ஓடணும்னா திரும்பணும். திரும்ப முடியாதே!

நாற்காலியில போய் முதுகைப் புதைச்சேன். ஜெயிச்சாச்சு!

ரெண்டு நிமிஷம்தான். பரிமாற வந்தவர் பின்னாடிலேர்ந்து வந்தார்!

கப்பல்ல பின்னாடிலேர்ந்துதான் பரிமாறுவாங்களாம். தட்டு வைக்கிறது, எடுக்கிறது, தண்ணி ஊத்துறது எல்லாமே தோளுக்கு மேல. இது எந்த ஊரு வழக்கம்? ஒருத்தன் என்ன சாப்பிடுறான்னு அவன் மூஞ்சியைப் பாக்காம எப்படிங்க போடுவாங்க?

நெளிஞ்சு உக்காந்ததைப் பாத்துட்டாரோ என்னவோ, என் காதுகிட்ட குனிஞ்சு "குளிருதா சார்?"ன்னு இங்கிலீஷ்ல கேட்டார்.

"நோ, நோ. ஃபைன்"ன்னேன். ஏசிக் காத்து பனியன் ஓட்டை வழியா ஒவ்வொண்ணா விசாரிச்சுட்டுப் போச்சு.

சூப் வந்துச்சு. குனிஞ்சேன். நாடா அவுந்துடுச்சு. கோட்டு முன்னாடி சரிஞ்சு டை சூப்புல முங்கப் பாத்துச்சு. நிமிர்ந்தேன். மறுபடி குனிஞ்சேன். மறுபடி சரிஞ்சுச்சு.

மறுபடி யோசிச்சேன்.

மெதுவா கையைப் பின்னாடி விட்டு, ரெண்டு நாடாவையும் நாற்காலி முதுகுக் கம்பியைச் சுத்தி இழுத்து முடிச்சு போட்டேன். நெல்லு மூட்டைக்குப் போடுற முடிச்சு. இப்ப கோட்டு ஒரு இம்மி அசையல. நிம்மதியா சூப் குடிச்சேன்.

அப்பதான் மாமனார் ஸ்பூனைக் கீழ வச்சார்.

"தம்பி, இந்தக் கோட்டை நான் எங்கயோ பாத்திருக்கேனே. இந்த சிவப்புக் கர்சீப்..."

எதிர்ல செந்தில் அப்பதான் என் கோட்டை உத்துப் பாத்தான். மூஞ்சியில ரத்தம் இல்ல.

"ஞாபகம் வந்துடுச்சு!"ன்னார் மாமனார். "எங்க பொண்ணு பிரியாவைக் கேட்டு அனுப்பின போட்டோவுல மாப்பிள்ளை போட்டிருந்த கோட்டு! கம்பெனியில குடுத்ததுன்னு புரோக்கர் சொன்னாரே!"

கலாவுக்கும் அப்பதான் உறைச்சுது. மேஜைக்கு அடியில என் காலை மிதிச்சா. பட்டுப்புடவை கட்டினவ அவ்ளோ பலமா மிதிப்பான்னு எதிர்பாக்கல.

"ஆமாங்க, செந்தில்தான் எனக்குக் குடுத்தான்"னு உளறினேன்.

"அப்படியா! நல்லது. எந்திரிங்க, மாப்பிள்ளை பக்கத்துல நின்னு ஒரு போட்டோ எடுத்துப்போம்"ன்னு கப்பல் போட்டோகிராபரைக் கூப்பிட்டுட்டார்.

"சூப் ஆறிடும்ங்க"ன்னேன்.

"ஆறட்டும்."

எல்லாரும் எந்திரிச்சாங்க. நான் பாதி எந்திரிச்சேன். நாற்காலியும் என்கூட எந்திரிச்சுது.

பரிமாறுறவர் மரியாதைக்காரர். உதவின்னு நினைச்சு நாற்காலியைப் பின்னாடி இழுத்தார். நானும் பின்னாடி போனேன். அவர் விட்டார். நானும் முன்னாடி வந்தேன். அவர் திரும்ப, இந்தத் தடவை ரெண்டு கையால, இழுத்தார்.

முடிச்சு அவுரல. நான் போட்ட முடிச்சு அது. தையல்தான் விட்டுச்சு. கோட்டு அப்படியே முன்னாடி உருவிக்கிட்டு, காலர், டை, சிவப்புக் கர்சீப் எல்லாத்தோடயும் சூப்புக்குள்ள விழுந்துச்சு.

ஹாலுக்கு நடுவுல நான் ஓட்டைப் பனியனோட நிக்கிறேன்.

யாழினி தலையைக் குனிஞ்சுக்கிட்டா. மாமனார் கோட்டைத் தூக்கினார். திருப்பினார். முதுகைத் தேடினார். இல்ல. செந்திலைப் பாத்தார்.

"மாப்பிள்ளை, நீங்களும் இதைப் போட்டுக்கிட்டுத்தானா?"

"ஆமா மாமா. எங்க ஊரு ஸ்டூடியோ கோட்டு"ன்னான் செந்தில்.

நான் ஏதோ பொய் சொல்ல வாயைத் திறந்தேன். கலா கையைக் காட்டி நிறுத்தினா. அவ கண்ணு கலங்கியிருந்துச்சு. ஆனா நிமிர்ந்துதான் நின்னா.

"எங்க வீட்டுல யாருக்கும் கோட்டு கிடையாதுங்க. புரோக்கர் சொன்னது பொய். என் தம்பி அப்ப கப்பல் பட்டறையில வெல்டிங் பாத்துக்கிட்டிருந்தான். அந்தக் காசுலதான் எங்க அப்பாவுக்கு வைத்தியம் பாத்தோம். இன்னைக்கு எங்களை இந்தக் கப்பல்ல உக்கார வச்சிருக்கிறதும் அவன் உழைப்புதான். அதுல எனக்கு ஒரு வெக்கமும் இல்ல. வெக்கமெல்லாம் இவரைப் பாத்துத்தான்."

என்னைத்தான் சொன்னா. நியாயம்தான்.

மாமனார் கோட்டை நாற்காலியில போட்டார். "உக்காரும்மா"ன்னார். "பொண்ணு பாக்க வந்தப்பவே மாப்பிள்ளை கையில நெருப்புத் தழும்பைப் பாத்தேன். வெல்டிங்னு அப்பவே தெரியும். அதைப் பாத்துட்டுத்தான் பொண்ணு குடுத்தேன். கோட்டைப் பாத்து இல்ல."

கொஞ்சம் நிறுத்தி என்னைப் பாத்தார். "ஆனா முதுகு இல்லைன்னு இன்னைக்குத்தான் தெரியுது."

முதல்ல சிரிச்சது செந்திலோட மாமியார். அப்புறம் டேபிளே சிரிச்சுது. கலா சிரிச்சாளா அழுதாளான்னு எனக்கு இன்னிக்கும் தெரியாது. ஆனா அவ பக்கத்து நாற்காலிக்கு மாமியார் வந்து, அவ கையைப் பிடிச்சுக்கிட்டே சாப்பிட்டாங்க.

அதுக்குள்ள ஹால் மேனேஜர் வந்துட்டார். பனியனோட உக்காரக்கூடாதாம். சரி, ரூமுக்குப் போறேன்னேன். "வேணாம் சார்"னு சொல்லிட்டு உள்ள போய் ஒரு கறுப்புக் கோட்டும் வெள்ளைச் சட்டையும் எடுத்துட்டு வந்தார். கோட்டு இல்லாம வர்றவங்களுக்கு இரவல் குடுக்க அலமாரி நிறைய வச்சிருக்காங்களாம். தொப்பைக்கும் இருக்காம். வாசல்லயே கேட்டிருந்தா வாசல்லயே குடுத்திருப்பாங்களாம்.

போட்டுப் பாத்தேன். கச்சிதம். முதுகு வேற இருந்துச்சு.

ஊர் திரும்பினதுலேர்ந்து எங்க தெருவுல வெளிநாடு போறவங்க என்னை வந்து கேக்குறாங்க, "அண்ணே, கப்பல் டின்னருக்கு குடும்பமா என்ன போட்டுட்டுப் போகணும்?"

எது வேணா போடுங்க. கிளம்புறதுக்கு முன்னாடி வீட்டுக்காரம்மா எதிர்ல ஒரு தடவை திரும்பி நின்னுடுங்க.